பழைய கோவைகளின் கதவு: கேர்னல் மாறும்போது மெய்நிகர் கணினி ஏன் திறக்க மறுக்கிறது?

சென்ற வருடம் ஒரு நாள் காலை, மூதூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த அம்மா ஒருவர், திருகோணமலை உட்துறைமுக வீதிக்குப் பக்கத்திலுள்ள சிறிய அறையொன்றில் மடியில் சொப்பிங் பையுடன் உட்கார்ந்திருந்தார். பத்தரை மணிக்குச் சட்டத்தரணியைச் சந்திக்க வேண்டும். 1990இல் கொண்டுசெல்லப்பட்ட தன் கணவர் பற்றி அவர் கொடுத்த முதல் வாக்குமூலத்தின் பிரதி தேவைப்பட்டது. அவரிடமிருந்த காகிதப் பிரதி, 2006 ஓகஸ்டில் மூதூரை விட்டு ஓடியபோது வீட்டோடு போய்விட்டது. எஞ்சியிருந்த ஒரே பிரதி அந்த அறையிலிருந்த கணினிக்குள் இருந்தது.

கணினி அன்று அதைத் திறக்க மறுத்துவிட்டது.

“அழிஞ்சு போச்சா, பிள்ளை?” என்று அம்மா கேட்டார்.

“இல்லையம்மா, உள்ளேதான் இருக்கு. கதவுதான் திறக்குதில்லை” என்றேன். அப்போது அதை முழு நம்பிக்கையோடு சொல்லவில்லை. அந்தக் கதவு ஏன் மூடிக்கொண்டது என்று பிறகு படித்தும் கேட்டும் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். நான் கணினிப் பொறியியலாளர் அல்ல. ஊடகக் கற்கையில் பட்டம் பெற்ற சுயாதீன ஊடகவியலாளர். ஆனால், வடக்கிலும் கிழக்கிலும் இப்படிப் பழைய கணினிகளுக்குள் வாக்குமூலங்களை வைத்திருக்கும் குழுக்கள் பல. எங்களுக்கு நடந்தது அவர்களுக்கும் நடக்கலாம்.

கணினிக்குள் ஒரு கணினி

1994 நவம்பரில், பலவந்தமாகக் காணாமல் ஆக்கப்பட்டவர்கள் பற்றி விசாரிக்க மூன்று வலய ஆணைக்குழுக்கள் நியமிக்கப்பட்டன. அவற்றில் ஒன்று வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்கானது. அதற்கு முறைப்பாடு எழுத உதவிய தொண்டர்கள் சிலர், எழுதிய ஒவ்வொன்றையும் ஒரு கணினியிலும் பதிந்தார்கள். அதற்கென்று ஒரு மாணவர் சிறிய நிரலொன்றை எழுதிக் கொடுத்தார். பெயர், திகதி, இடம், சாட்சிகள், எழுதிய கடிதம் எல்லாம் அதற்குள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருந்தன.

அது 16 பிட் காலத்து நிரல். இன்றைய 64 பிட் வின்டோஸ் எதிலும் 16 பிட் நிரல்கள் ஓடாது. தமிழ் எழுத்துகளோ பாமினி எழுத்துருவில் இருந்தன. பாமினியில் ‘அம்மா’ என்று எழுதினால், கணினி அதைத் தமிழாகச் சேமிப்பதில்லை. நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாக ஐந்து குறிகளைச் சேமிக்கிறது. எழுத்துரு இருந்தால் அம்மா தெரிவார். இல்லாவிட்டால் வெறும் கிறுக்கல் தெரியும்.

கடற்காற்றின் உப்பில் அந்தப் பழைய கணினி தளர்ந்துகொண்டு வந்தபோது, அதன் ஹார்ட் டிஸ்க்கை அப்படியே முழுதாகப் படியெடுத்தோம். நன்கொடையாகக் கிடைத்த மடிக்கணினியொன்றில் லினக்ஸ் நிறுவி, மெய்நிகராக்க மென்பொருள் ஒன்றினுள் அந்தப் பழைய வின்டோஸை ஓடவிட்டோம். மெய்நிகர் கணினி என்பது இதுதான்: ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி இருப்பதாக மென்பொருளால் ஏற்படுத்தப்படும் ஏற்பாடு. உள்ளே ஓடும் வின்டோஸுக்குத் தான் வேறொரு கணினிக்குள் இருப்பது தெரியாது. சில வருடங்கள் எல்லாம் சரியாக நடந்தன. அம்மா வருவதற்கு முதல்நாள் இரவு, மடிக்கணினி கேட்ட அப்டேட்டுக்கு ‘ஆம்’ என்று அழுத்தியது நான்தான். அந்த அப்டேட்டில் லினக்ஸின் கேர்னலும் மாறியது.

கச்சேரியின் முன்கவுண்டரும் உள் அறைகளும்

கேர்னல் என்பது இயங்குதளத்தின் நடுப்பகுதி. நினைவகம், புரொசசர், டிஸ்க் எல்லாவற்றையும் பங்கிட்டுக் கொடுப்பது அதுவே. எந்த மென்பொருளும் அதனிடம் கேட்டுத்தான் எதையும் பெறவேண்டும்.

கச்சேரியை நினைத்துப் பாருங்கள். முன்னால் பொதுமக்களுக்கான கவுண்டர் இருக்கிறது. இந்தப் படிவம், இந்தக் கட்டணம், இந்த யன்னல். அரசாங்க அதிபர் மாறினாலும் அந்த நடைமுறை மாறுவதில்லை. கவுண்டருக்குப் பின்னால் இருக்கும் அறைகள் வேறு கதை. அலுமாரிகளை இடம் மாற்றுவார்கள், கோவைகளுக்குப் புது இலக்கம் கொடுப்பார்கள், ஒரு அறையை இரண்டாக்குவார்கள். வெளியில் நிற்கும் உங்களுக்கு அது தெரியவேண்டிய அவசியமில்லை.

லினக்ஸ் கேர்னலிலும் இப்படி இரண்டு பக்கங்கள் உண்டு. சாதாரண மென்பொருள்கள் வரும் முன்கவுண்டர் ‘சிஸ்டம் கோல்’ எனப்படும். அதை உடைக்கக்கூடாது என்பதில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மிகக் கடுமையானவர். பல வருடங்களுக்கு முன் கட்டிய நிரல் இன்றைய கேர்னலிலும் ஓடவேண்டும் என்பதே அங்குள்ள விதி. ஒருமுறை கட்டி முடித்த மென்பொருள், திரும்பக் கட்டப்படாமலே புதிய கேர்னலிலும் அப்படியே ஓடுவதை இரும ஒத்திசைவு என்கிறார்கள்.

உள் அறைகளுக்கு அந்த வாக்குறுதி கிடையாது. கிரெக் குரோ ஹார்ட்மன் என்ற முன்னணிக் கேர்னல் பராமரிப்பாளர் எழுதிய ஆவணமொன்று, கேர்னலின் சொந்த ஆவணத் தொகுப்பிலேயே இருக்கிறது. உள் இடைமுகங்களை மாறாமல் வைத்திருக்கப் போவதில்லை என்றும், அது ஏன் என்றும் அது விளக்குகிறது. பிழையையும் பாதுகாப்பு ஓட்டையையும் தாமதமின்றித் திருத்த வேண்டுமானால், அலுமாரிகளை நகர்த்தும் சுதந்திரம் வேண்டும் என்பது அவர்கள் நியாயம். ஏறக்குறைய ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய கேர்னல் பதிப்பு வெளிவருகிறது. ஒவ்வொரு முறையும் உள்ளே ஏதாவது இடம் மாறியிருக்கும்.

மெய்நிகர் மென்பொருள் ஏன் உள்ளே போகவேண்டும்?

கடிதம் எழுதும் மென்பொருளுக்கு முன்கவுண்டர் போதும். மெய்நிகராக்க மென்பொருளுக்குப் போதாது. இன்ரெல் 2005இலும் ஏ.எம்.டி. 2006இலும் தமது புரொசசர்களில் மெய்நிகர் கணினிகளுக்கென்றே ஒரு விசேட நிலையைச் சேர்த்தன. அந்த நிலைக்குள் புரொசசரைக் கொண்டுபோகும் அதிகாரம் கேர்னலுக்கு மட்டும்தான் உண்டு. ஆகவே, மெய்நிகராக்க மென்பொருள் தன்னுடைய ஆள் ஒருவரை உள் அறைக்குள் அனுப்பவேண்டியிருக்கிறது. அந்த ஆள்தான் ‘கேர்னல் மொடியூல்’.

வேர்ச்சுவல் பொக்ஸ் இதற்கு நல்ல உதாரணம். ஜேர்மனியின் இன்னொடெக் நிறுவனம் 2007 ஜனவரியில் அதைத் திறந்த மூல மென்பொருளாக வெளியிட்டது. 2008இல் சன் நிறுவனமும், 2010இல் சன்னை வாங்கிய ஒரக்கிளும் அதன் உரிமையாளர்கள் ஆயின. அதன் மொடியூல்கள் லினக்ஸ் கேர்னலுக்கு வெளியே எழுதப்படுபவை. கேர்னலை மாற்றுபவர்கள் அவற்றைத் திருத்தித் தருவதில்லை.

உள்ளே போகும் மொடியூல், ‘மூன்றாவது அலுமாரி, இரண்டாவது லாச்சி’ என்று இடத்தை இலக்கமாகவே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. புதிய கேர்னலில் இடையில் ஓர் அலுமாரி சேர்ந்திருந்தால், அதே இலக்கத்தில் வேறொருவருடைய கோவை இருக்கும். அதை எடுத்துத் திருத்தினால் கணினி நின்றுபோகலாம், தரவும் கெடலாம். இதைத் தடுக்க ஒவ்வொரு மொடியூலிலும் எந்தக் கேர்னலுக்காகக் கட்டப்பட்டது என்ற முத்திரை பதியப்படுகிறது. முத்திரை பொருந்தாவிட்டால் கேர்னல் அதை உள்ளே விடாது.

எங்களுக்கு நடந்தது இதுதான். புதிய கேர்னலுக்குப் பொருந்தும் மொடியூல் கட்டப்படவில்லை; பழையதைக் கேர்னல் ஏற்கவில்லை. கதவு மூடப்பட்டது எங்கள் கோவைகளுக்கு நன்மையே. பொருந்தாத மொடியூலை உள்ளே விட்டிருந்தால், அம்மாவின் கேள்விக்கு நான் வேறு பதில் சொல்லவேண்டி வந்திருக்கலாம்.

திரும்பக் கட்டுவதும், அதில் வரும் தடைகளும்

வெளியிலிருந்து வரும் மொடியூல்களை ஒவ்வொரு புதிய கேர்னலுக்கும் தானாகவே திரும்பக் கட்டும் ஏற்பாடு ஒன்று உண்டு. டி.கே.எம்.எஸ். என்ற அதை டெல் நிறுவனம் 2003இல் உருவாக்கியது. பெரும்பாலும் அது வேலை செய்யும். மூன்று இடங்களில் தவறும்.

முதலாவது, கட்டுவதற்குத் தேவையான கேர்னல் தலைப்புக் கோப்புகள் கணினியில் இல்லாதிருப்பது. இணைய டேட்டா முடிந்துபோய் அப்டேட் பாதியில் நின்றால் இப்படி நேரலாம். இரண்டாவது, மெய்நிகராக்க மென்பொருளின் பதிப்பு கேர்னலை விடப் பழையதாக இருப்பது. உள்ளே மாறிய இடைமுகத்தை அதன் மூலநிரல் அறியாது. ஆகவே கட்டுதல் பிழையோடு நிற்கும். மூன்றாவது, செக்கியூர் பூட் என்ற பாதுகாப்பு இயங்கும் கணினிகளில், கையொப்பமிடப்படாத மொடியூலைக் கேர்னல் ஏற்காமை. அப்போது உரிமையாளரின் சாவியைப் பதிந்து, மொடியூலில் கையொப்பமிட வேண்டும்.

இவற்றையெல்லாம் சரிசெய்த பிறகும் வேறொரு சிக்கல் வரலாம். 2024 நவம்பரில் வெளியான லினக்ஸ் 6.12இலிருந்து, கேர்னலுக்குள்ளேயே இருக்கும் கே.வி.எம். என்ற மெய்நிகராக்கப் பகுதி, ஏற்றப்பட்ட உடனேயே புரொசசரின் விசேட நிலையைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறது. முன்பு முதலாவது மெய்நிகர் கணினி ஆரம்பிக்கும்போதுதான் எடுக்கும். அதே நிலையைக் கேட்கும் வேர்ச்சுவல் பொக்ஸ் அப்போது ‘ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்’ என்ற பொருளில் பிழை காட்டி நின்றுவிடலாம். கே.வி.எம். மொடியூல்களைக் கழற்றிவிட்டோ, கணினி ஆரம்பிக்கும்போது அந்தப் புதிய பழக்கத்தை நிறுத்தும் தெரிவைக் கொடுத்தோ இதைத் தீர்க்கலாம்.

உள்ளேயே வசிப்பவர்

கே.வி.எம். பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். இஸ்ரேலிய நிறுவனமான கும்ரானெட்டில் அவி கிவிட்டி எழுதத் தொடங்கிய அது, 2007 பெப்ரவரியில் வெளியான லினக்ஸ் 2.6.20இல் கேர்னலின் பகுதியாகவே சேர்க்கப்பட்டது. உள் அறைக்குள் வெளியாளை அனுப்புவதற்குப் பதிலாக, அங்கேயே ஓர் உத்தியோகத்தரை நியமித்ததுபோல. அலுமாரியை நகர்த்துபவரே அவருடைய மேசையையும் சேர்த்து நகர்த்தவேண்டும். ஆகவே, கேர்னல் மாறும்போது கே.வி.எம். கூடவே மாறுகிறது.

வெளியில் நிற்கும் மென்பொருள் அதனோடு பேசுவதற்கு ஒரு முன்கவுண்டர் உண்டு. அதன் பதிப்பு இலக்கம் 12. லினக்ஸ் 2.6.22 முதல் அந்த இலக்கம் மாறவில்லை. ஃபப்ரிஸ் பெலார் 2003இல் வெளியிட்ட கியூ.ஈ.எம்.யு. போன்ற மென்பொருள்கள் அந்தக் கவுண்டர் வழியாகவே மெய்நிகர் கணினிகளை ஓட்டுகின்றன. அவை உள்ளே ஆள் அனுப்பவேண்டியதில்லை.

மற்ற இடங்களிலும் போக்கு இதுவே. வின்டோஸில் மைக்ரோசொப்டின் ஹைப்பர் வி இயங்கும்போது வி.எம்.வெயார் வேர்க்ஸ்டேஷன் இயங்க முடியாத நிலை நீண்ட காலம் இருந்தது. 2020 மே மாதப் பதிப்பிலிருந்து, வின்டோஸ் தரும் இடைமுகத்தினூடாகவே இயங்க அது கற்றுக்கொண்டது. ரெட் ஹட் போன்ற நிறுவனங்கள், தமது ஒரு பெரும் பதிப்பின் ஆயுட்காலம் முழுவதும் உள் இடைமுகங்களில் ஒரு பகுதியை மாற்றாமல் வைத்திருப்பதாகப் பட்டியலிட்டு வாக்குறுதி தருகின்றன. ஆக, கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: என் கோவைகள் தங்கியிருக்கும் மென்பொருள், யாருடைய எந்த வாக்குறுதியில் நிற்கிறது?

ஏன் இவ்வளவு கவனம்?

திருகோணமலையில் இருப்பவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டு வெடித்ததாகவே முதலில் சொல்லப்பட்டது. ஊடகவியலாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின. அதே மாதம் 24ஆம் திகதி அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்தப் படங்கள் மிஞ்சியதால்தான் கைக்குண்டுக் கதை நிலைக்கவில்லை. ஆனாலும், வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் 2019 ஜூலையில் போதிய சான்று இல்லையென்று விடுவிக்கப்பட்டார்கள்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் 1994 ஆணைக்குழுவுக்குப் பிறகு, 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழுவிடமும், 2013இல் பரணகம ஆணைக்குழுவிடமும், பிறகு காணாமற்போனோர் அலுவலகத்திடமும் அதே கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். முப்பது வருடத்தில் ஒரு திகதி பிசகினால், ‘முன்பு வேறு மாதிரிச் சொன்னீர்களே’ என்று கேட்பார்கள். நினைவு பசுமையாக இருந்தபோது சொன்ன முதல் வாக்குமூலத்தின் பெறுமதி அங்கேதான் தெரியும்.

குழுக்கள் செய்யக்கூடியவை

1. பழைய கணினி இயங்கும்போதே அதன் ஹார்ட் டிஸ்க்கை முழுதாகப் படியெடுங்கள். கோவைகளை மட்டும் பிரதி செய்தால் நிரலும் எழுத்துருவும் தவறிவிடும். படியெடுக்கும்போது மூல டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாதவாறு, வாசிக்க மட்டும் அனுமதித்து இணைக்கவேண்டும்.

2. படியெடுத்த உடனே அதன் சரிபார்ப்புத் தொகையை எடுத்து, திகதியோடு காகிதத்தில் எழுதிக் கையொப்பமிட்டு வையுங்கள். ‘ஷா 256’ என்ற முறை போதும். ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்தத் தொகை மாறிவிடும். பின்னாளில் ‘இது திருத்தப்பட்டது’ என்று யாராவது சொன்னால், இதுவே உங்கள் பதில். அந்த மூலப் படியைத் தொடாமல் பத்திரப்படுத்தி, இன்னொரு பிரதியில் வேலை செய்யுங்கள்.

3. ஒரே மெய்நிகராக்க மென்பொருளை நம்பியிருக்காதீர்கள். டிஸ்க் படியை ஒரு வடிவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவி கியூ.ஈ.எம்.யு.வோடு வருகிறது. வேர்ச்சுவல் பொக்ஸிலும் கே.வி.எம்.மிலும் ஒரு தடவையாவது திறந்து பாருங்கள். பழைய வின்டோஸ் எக்ஸ்.பி. நீலத் திரையோடு நின்றால், மெய்நிகர் டிஸ்க் சாட்டா வழியாக இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதை ஐ.டி.ஈ.க்கு மாற்றினால் பெரும்பாலும் திறக்கும்.

4. மெய்நிகர் கணினியை இடைநிறுத்திச் சேமித்து வைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் முறையாக நிறுத்துங்கள். இடைநிறுத்திய நிலை இன்னொரு மென்பொருளில் திறக்காது. அதே மென்பொருளின் வேறு பதிப்பிலும் திறக்காமற்போகலாம்.

5. முக்கியமான சந்திப்புக்கு முதல்நாள் எந்த அப்டேட்டும் வேண்டாம். செய்த பிறகு, கணினியை மீள ஆரம்பித்து மெய்நிகர் கணினி திறக்கிறதா என்று அன்றே பாருங்கள். உபுண்டு போன்றவை முந்திய கேர்னலையும் வைத்திருக்கும். கணினி ஆரம்பிக்கும்போது வரும் பட்டியலில் அதைத் தெரிவுசெய்யலாம். ஆனால், இணையத்தில் இணைந்த கணினியைப் பழைய கேர்னலிலேயே நிறுத்தி வைப்பது ஆபத்து. அது அவசரத்துக்கு மட்டும்.

6. உள்ளே ஓடும் பழைய வின்டோஸை இணையத்தில் இணைக்காதீர்கள். எக்ஸ்.பி.க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டன.

7. இறுதியில், தரவை வெளியே எடுங்கள். பாமினியை யுனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியதை மூலத்தோடு ஒருவர் வாசிக்க ஒருவர் சரிபாருங்கள். பெயர்களில் பிழை வரும். பட்டியல்களை வெறும் எழுத்துக் கோப்பாகவும், கடிதங்களைப் பி.டி.எஃப். ஆகவும் சேமியுங்கள். இவற்றை வாசிக்க உள் அறைக்கு ஆள் அனுப்பவேண்டியதில்லை.

2005இல் தொடங்கிய நூலகம் இணைய நூலகம் எங்கள் நூல்களையும் பத்திரிகைகளையும் எல்லோரும் வாசிக்கக் கொடுத்திருக்கிறது. வாக்குமூலங்களை அப்படிப் பொதுவெளியில் வைக்க முடியாது. சொன்னவரின் சம்மதம் வேண்டும். சாட்சிகளின் பாதுகாப்பும் வேண்டும். பிரதிகளைக் கடவுச்சொல்லால் பூட்டி, குறைந்தது இரண்டு ஊர்களில் வையுங்கள். சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கக்கூடாது.

அன்று நடந்தது

அன்று காலை எனக்கு இவற்றில் பாதிகூடத் தெரியாது. தொலைபேசியில் ஒரு நண்பர் சொன்னபடி, மடிக்கணினியை மீள ஆரம்பித்து முந்திய கேர்னலைத் தெரிவுசெய்தேன். பழைய மொடியூல் தன் பழைய அலுமாரிகளைக் கண்டுகொண்டது. பழைய வின்டோஸ் திரை வந்தது. அம்மாவின் பெயரைத் தட்டினேன்.

1995இல் தட்டச்சான வாக்குமூலம் இரண்டு பக்கம் இருந்தது. கணவரோடு சேர்த்து அன்று கொண்டுசெல்லப்பட்ட இன்னும் இரண்டு பேரின் பெயர்களும் அதிலிருந்தன. பிறகு அவர் நிரப்பிக் கொடுத்த படிவங்களில் ஒரு பெயருக்குத்தான் இடமிருந்தது. அந்த இரண்டு குடும்பங்களில் ஒன்றில் இன்று கேட்பதற்கு யாரும் இல்லை.

வாசித்துக் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அவங்கட பேரும் இருக்கா அதில?” என்று திரும்பக் கேட்டார்.

“இருக்கு அம்மா.”

மூன்று பிரதிகள் அச்சிட்டோம். அம்மா அவற்றைப் பையில் வைத்துக்கொண்டு சட்டத்தரணியிடம் போனார். நாங்கள் அந்த வாரமே பாமினியிலிருந்து யுனிகோடுக்கு மாற்றத் தொடங்கினோம். முதலில் மாற்றியது அந்த இரண்டு பக்கங்களைத்தான்.